டார்ட்மூர் மேட்டைப் பற்றிக் கேட்டீர்கள்

(இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தில் இருக்கிறது டார்ட்மூர் என்னும் மேட்டு நிலம். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, டார்ட்மூரின் மேற்கு ஓரத்திலுள்ள டேவிஸ்டாக் ஊரில் பல காலமாகக் குடியிருக்கும் செவிலியர் ஒருவர் இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

'மூர்' என்கிறார்களே, அது மலையா, காடா, பாலையா? படங்களில் பார்த்தால் மூன்று மாதிரியும் தெரிகிறது. – வாசகி, பெரம்பலூர்

மேட்டு நிலம் அம்மா. மரமில்லாத, ஈரம் வற்றாத, புல்லும் புதரும் மண்டிய மேட்டு நிலம். மலை என்று சொல்லும்படி உயரமில்லை. டார்ட்மூரின் உச்சியான ஹை வில்ஹேஸ் வெறும் 621 மீட்டர்தான். ஆனால் அதன் மேல் நின்றால் மேடு கண்முன் விரிந்து கிடக்கும்.

எங்கள் ஊரிலிருந்து பிரின்ஸ்டவுனுக்குப் போகிற சாலையில் ஏறினால் முதலில் பசேல் என்ற வயல்கள், உயரமான வேலிகள், ஓங்கிய மரங்கள். பிறகு சாலையின் குறுக்கே இரும்புக் கம்பிகளை வரிசையாகப் பதித்த ஓர் இடம் வரும். ஆடுமாடு கீழே இறங்காமலிருக்க அப்படிப் போட்டிருக்கிறார்கள். அதைக் கடகடவென்று தாண்டிய உடனே வேலி நின்றுவிடும், மரம் நின்றுவிடும், காற்று வந்து காரை ஒரு தள்ளுத் தள்ளும். அங்கே தொடங்குகிறது மூர். தேசியப் பூங்காவாக 1951-ல் அறிவித்தபோது கோடு போட்ட பரப்பு 954 சதுர கிலோமீட்டர். அதற்குள் ஊர்கள் உண்டு, பண்ணைகள் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஓரங்களிலும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும்தான். வடக்கிலும் தெற்கிலும் இருக்கிற உயர்ந்த நடுப்பகுதிகளில் யாரும் குடியில்லை.

குன்றுகளின் தலையில் பெரிய பெரிய பாறை அடுக்குகள் நிற்கும். அவற்றை 'டார்' என்கிறார்கள். 160-க்கு மேல் இருக்கின்றன. ஏறக்குறைய 28 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் பாறைக்குழம்பு இறுகி கிரானைட் ஆனது. மேலே மூடியிருந்தது தேய்ந்து போக, கிரானைட் வெளியே வந்தது. வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி, உறைந்து, பிளந்து, இன்றைக்கு யாரோ கையால் அடுக்கி வைத்தது போல நிற்கிறது.

நிறத்தையும் சொல்ல வேண்டும். மார்கழி, தை மாதங்களில் புல் முழுக்க வெளிறி வைக்கோல் நிறத்தில் கிடக்கும். ஆவணியில் ஹெதர் புதர்கள் ஊதாவாகப் பூக்கும், அதனிடையே குட்டையான கோர்ஸ் முட்புதர் மஞ்சளாகப் பூக்கும். அந்த இரண்டு வாரமும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராக மேலே போய்விடுவேன். சித்திரையில் வானம்பாடி. ஆள் கண்ணுக்கே தெரியாது, மேலேயிருந்து பாட்டு மட்டும் விடாமல் கொட்டிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு மழை பெய்கிற இடத்தில் ஏன் மரமே இல்லை? வனத்துறை மரம் நடக்கூடாதா? – வாசகர், கரூர்

நான் இங்கே வந்த புதிதில் கேட்ட முதல் கேள்வியும் இதுதான். பிரின்ஸ்டவுனில் ஆண்டுக்குச் சுமார் 2000 மில்லிமீட்டர் மழை. எங்கள் கரிசலில் பெய்வதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் மழைதான் இங்கே மரத்துக்குப் பாதி எதிரி.

பனியுகம் முடிந்த பிறகு இந்த மேட்டில் பெரும்பகுதி மரம் மூடித்தான் இருந்தது. வேட்டையாடிய மக்கள் அங்கங்கே எரித்துத் திறந்தார்கள். பிறகு வெண்கலக் காலத்தில், இன்றைக்குச் சுமார் மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், உழவர்கள் வந்து முழு மேட்டையும் பங்கு பிரித்தார்கள். குன்றின் மேல் கிலோமீட்டர் கணக்கில் நேர்கோடாக ஓடும் தாழ்ந்த கல்வரப்புகளை இன்றைக்கும் காணலாம். 'ரீவ்' என்று அவற்றுக்குப் பெயர். அவர்களுடைய வட்ட வீடுகளின் கல் அடித்தளங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கிரிம்ஸ்பவுண்ட் என்ற இடத்தில் ஒரு பெரிய சுற்றுச்சுவருக்குள் 24 வீடுகளின் வட்டங்கள். வாசல் எந்தப் பக்கம், படுக்கை எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்கலாம். மெரிவேலில் இரட்டை வரிசையாக நட்ட கற்கள் புல்லுக்குள் நீண்டு போகின்றன. நான் விருந்தாளிகளை முதலில் அழைத்துப் போவது அங்கேதான், பெரிய பாறைகளுக்கு அல்ல. இந்த மேடு மனிதர் கைபடாத இடம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு அந்தக் கல்வரிசை உடனே விஷயத்தைச் சொல்லிவிடும்.

மரம் போனதும் கிரானைட் மண்ணின் புளிப்பு கூடியது. சத்தெல்லாம் மழையோடு கீழே இறங்கி, அடியில் தண்ணீர் புகாத ஒரு தட்டு உண்டானது. பருவநிலையும் குளிர்ந்து ஈரமானது. தண்ணீர் தேங்கியது. செத்த செடி மட்காமல் அப்படியே படிந்து பீட் மண் ஆனது. மக்கள் மேட்டை விட்டு ஓரத்துக்கு இறங்கினார்கள். ஆடுமாடு மட்டும் மேயப் போய்க்கொண்டே இருந்தது. முளைத்த கன்றை ஆடு கடித்துவிடும், தப்பியதைக் காற்று வளைத்துவிடும்.

காற்றும் ஆடும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க விஸ்ட்மன்ஸ் வுட் என்ற சிறு காடு இருக்கிறது. மேற்கு டார்ட் ஆற்றின் பள்ளத்தாக்கில், நானூறு மீட்டர் உயரத்தில், வெறும் சில ஏக்கர். பாறைகள் உருண்டு குவிந்த சரிவில் ஆடு எளிதில் நுழைய முடியாததால் ஓக் மரங்கள் பிழைத்துக்கொண்டன. ஆனால் நெடுநெடுவென்று வளரவில்லை. முறுகி, நெளிந்து, பாறைமேல் முழங்கை ஊன்றிப் படுத்திருக்கின்றன. கிளையெல்லாம் பாசி, பாசிமேல் பன்னம். கூட்டம் மிதித்துப் பாசி பாழாவதால் இப்போது உள்ளே நடக்காமல் வெளியே நின்று பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். அதை மீறி உள்ளே போய்ப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

மரம் நடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். நட்டார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு மரத்தட்டுப்பாடு வந்தபோது ஃபெர்ன்வொர்தி, பெல்லிவர், சவுசன்ஸ் ஆகிய இடங்களில் ஊசியிலை மரங்களை வரிசையாக நட்டார்கள். கல்வட்டங்களும் குடியிருப்புத் தடங்களும் அந்த மரங்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டன. பள்ளத்தாக்குகளில் ஓக் மரம் பெருகினால் நான் மகிழ்வேன். உச்சியில் பீட் மண்மேல் மரம் நடுவது தவறு என்பது என் உறுதியான எண்ணம். மரத்தின் வேர் பீட்டை உலர்த்தும். உலர்ந்த பீட் அத்தனை காலம் அடைத்து வைத்திருந்த கார்பனைக் காற்றில் விட்டுவிடும்.

அங்கே சதுப்பு ஆளை விழுங்கிவிடும் என்று கதைகளில் படித்தேன். உண்மையா? – பள்ளி மாணவி, நாகர்கோவில்

ஆளை முழுசாக விழுங்காது கண்ணு. முழங்கால் வரை, சில இடங்களில் இடுப்பு வரை இறங்கலாம். தனியாளாகக் குளிரில் மாட்டிக்கொண்டால் அதுவே ஆபத்துதான். இளம் பச்சையில் மெத்தை விரித்தது போலப் பளிச்சென்று தெரிகிற இடத்தில் காலை வைக்கக்கூடாது. அது ஸ்பேக்னம் என்கிற பாசி, அடியில் தண்ணீர். மிதித்தால் நாலடி தள்ளியிருக்கும் தரையும் சேர்ந்து ஆடும். வெள்ளைப் பஞ்சுக் குஞ்சம் தலையாட்டுகிற பருத்திப்புல் நிற்கும் இடமும் ஈரம்தான்.

அந்தப் பாசியைக் கவனித்துப் பார். உலர்ந்த தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது வளர்ந்து, செத்து, அமுங்கி ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பீட் சேரும். ஒரு மீட்டருக்கு ஆயிரம் ஆண்டு! டார்ட், டீன், டா, டேவி, ஓக்மென்ட் என்று டெவனின் ஆறுகள் பல இந்த மேட்டிலிருந்துதான் கிளம்புகின்றன. தண்ணீர் பால் கலக்காத தேயிலைத் தண்ணீர் நிறத்தில் வரும். அழுக்கல்ல, பீட்டின் சாயம்.

முந்தைய தலைமுறைகள் எரிக்க பீட் வெட்டின, காய வைக்கக் கால்வாய் தோண்டின, புதர்த்தீயும் பிடித்தது. அதனால் பல இடங்களில் பாசி போய் மண் வெடித்துக் கரும்பள்ளங்களாகக் கிடக்கிறது. இப்போது அந்தப் பள்ளங்களைப் பீட் கட்டிகளாலும் மரப்பலகைகளாலும் அடைத்துச் சின்னச் சின்ன அணைகள் போடுகிறார்கள். தண்ணீர் நிற்கிறது, பாசி திரும்புகிறது. டன்லின் என்ற வடதிசைச் சிறு பறவை முட்டையிடும் இடங்களில், உலகிலேயே மிகத் தெற்கே இருப்பவற்றில் இதுவும் ஒன்று. அதற்கு இந்தச் சேறுதான் வீடு.

நாங்கள் ஆடு வைத்திருக்கிறவர்கள். வேலியே இல்லை என்கிறீர்கள். யார் ஆடு யாருடையது என்று எப்படித் தெரியும்? காணாமல் போகாதா? – வாசகர், சிவகங்கை

அண்ணாச்சி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

இந்தத் தேசியப் பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொது மேய்ச்சல் நிலம். நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர், மேய்க்க உரிமை உள்ளவர்கள் வேறு பலர். நடுப்பகுதியில் பெரும்பாகம் கார்ன்வால் டச்சி என்ற அரச குடும்பத்து எஸ்டேட்டுக்குச் சொந்தம். ஆனால் ஓரத்துப் பண்ணைக்காரர்களுக்குப் பரம்பரையாக அங்கே மேய்க்கும் உரிமை உண்டு. இன்ன பண்ணைக்கு இத்தனை ஆடு, இத்தனை மாடு, இத்தனை குதிரை என்று கணக்கு இருக்கிறது. அவர்களை 'காமனர்' என்பார்கள். 1985-ல் ஒரு தனிச்சட்டமே வந்து, அவர்களுக்கென்று ஒரு மன்றம் ஏற்பட்டது.

ரோமத்தில் ஆளுக்கொரு நிறச் சாயக்குறி, காதில் வில்லை. அதைப் பார்த்து யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். காணாமல் போகாததற்குக் காரணம் சாயம் இல்லை, தாய் ஆடு. ஒவ்வொரு மந்தைக்கும் மேட்டில் ஓர் இடம் உண்டு. தாயோடு திரிந்து குட்டி அந்த இடத்தின் எல்லையை, ஓடையை, காற்று படாத ஒதுக்கை எல்லாம் தெரிந்துகொள்ளும். அது வளர்ந்து தன் குட்டிக்குக் காட்டும். புதிதாக வாங்கிய ஆட்டை விட்டால் ஊரெல்லாம் அலையும். மேட்டில் பழகிய ஆடு விலகாது. அதனால் பண்ணை கைமாறும்போது மந்தையும் அதே மேட்டோடு சேர்ந்து கைமாறுவது வழக்கம். 2001-ல் கோமாரி வந்து இங்கிலாந்து முழுவதும் லட்சக்கணக்கில் கால்நடைகளைக் கொன்றபோது, மேட்டு விவசாயிகளின் பெரும் கவலை இதுதான். ஆட்டை விலைக்கு வாங்கிவிடலாம், ஆட்டுக்குத் தெரிந்ததை எங்கே வாங்குவது?

எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு பண்ணைக்காரர். கறுப்புமுக ஸ்காட்டிஷ் ஆடும், தடித்த ரோமமுள்ள கேலவே மாடும் வைத்திருக்கிறார். குட்டி போடும் காலத்தில் கீழே இறக்குவார், வெயில் காலத்தில் ரோமம் கத்தரிப்பார். ரோமத்துக்கு வரும் காசு கத்தரிக்கும் கூலிக்கே கட்டவில்லை என்று அவர் சொல்லாத வருடம் இல்லை. நம் ஊரில் கிடை போட்டால் சாணத்துக்கு நெல்லோ காசோ தருவார்கள் என்று நான் சொன்னபோது, 'உங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள்' என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

குதிரைகளையும் சேர்த்துச் சொல்கிறேன். மேட்டில் திரியும் குட்டைக் குதிரைகளைக் காட்டுக்குதிரை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. புரட்டாசி, ஐப்பசி வாக்கில் குதிரைமேலும் நான்கு சக்கர பைக்கிலும் கால்நடையாகவும் ஆட்கள் பரவி நின்று, அவற்றை மேட்டிலிருந்து விரட்டி ஒரே இடத்தில் சேர்ப்பார்கள். உடம்பு பார்த்து, குட்டிகளைப் பிரித்து, விற்பதை விற்று மீதியைத் திரும்ப மேலே விடுவார்கள். போன நூற்றாண்டின் நடுவில் இருந்ததில் ஒரு சிறு பங்குக் குதிரைகளே இன்று மிச்சம். எனக்கு இது பெரிய வருத்தம்.

வருத்தத்துக்குக் காரணம் சொல்கிறேன். மேட்டில் மொலினியா என்ற ஒரு முரட்டுப் புல் எல்லாவற்றையும் அமுக்கிப் படர்ந்துவிட்டது. குளிரில் காய்ந்து தீக்கு விறகாகிறது. ஆடு அதைத் தொடாது. மாடும் குதிரையும் வெயில் காலத்தில் தின்று மிதிக்கும். ஆனால் ஆடு அதிகம் மேய்ந்து ஹெதர் அழிந்த இடங்களும் உண்டு. அரசின் இயற்கைத் துறை மேய்ச்சலைக் குறைக்கச் சொல்ல, விவசாயிகள் கொதிக்க, 2023-ல் தனிக்குழு ஒன்று விசாரித்து அறிக்கை கொடுத்தது. பீட்டை ஈரமாக்குங்கள், வெயில் காலத்தில் மாடும் குதிரையும் மொலினியாவில் மேயட்டும் என்ற அதன் போக்கு எனக்குச் சரியாகவே படுகிறது. எண்ணிக்கையைக் காகிதத்தில் மட்டும் குறைத்தால் முதலில் மேட்டை விட்டு இறங்குவது குதிரைதான். அதற்கு விலையே இல்லையே.

மூடுபனியில் வழி தவறினால்? – வாசகர், திருவாரூர்

மூடுபனி பத்து நிமிடத்தில் வந்துவிடும். நீட்டிய கையின் விரல் தெரியாது. பிக்ஸி என்ற குட்டித் தேவதைகள் வழியைக் குழப்பும் என்று இங்கே பழைய நம்பிக்கை. மேல்சட்டையைக் கழற்றி உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டால் வழி தெரியுமாம். நான் திசைகாட்டியையும் வரைபடத்தையும் நம்புகிறேன். கைப்பேசிக்குப் பல இடங்களில் சிக்னல் கிடையாது.

இன்னொரு துணை வாய்க்கால். மேட்டில் சரிவை ஒட்டி நெளிந்து ஓடும் பழைய வாய்க்கால்கள் உண்டு. பிளிமத் ஊருக்குக் குடிநீர் கொண்டுபோக 1591-ல் ஒன்று வெட்டினார்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெட்டிய டெவன்போர்ட் வாய்க்காலில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது. வேலை நெருக்கடியில் மனம் களைத்தால் அதன் கரையில்தான் நடப்பேன். ஏற்றம் இறக்கம் இல்லை, சலசலப்பு கூடவே வரும், மூடுபனியிலும் கரையைப் பிடித்துக்கொண்டால் எங்காவது சாலைக்குக் கொண்டுபோய் விடும்.

வடக்குப் பகுதியில் ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சி நிலம் இருக்கிறது. சுடும் நாட்களில் குன்றுகளில் சிவப்புக் கொடி பறக்கும், இரவில் சிவப்பு விளக்கு. கொடி பறந்தால் திரும்பிவிட வேண்டும்.

பிரின்ஸ்டவுன் சிறைச்சாலை இன்னும் இருக்கிறதா? – வாசகர், வேலூர்

கட்டடம் இருக்கிறது. நெப்போலியன் போரில் பிடிபட்ட பிரெஞ்சுக் கைதிகளுக்காகக் கட்டி 1809-ல் திறந்தார்கள். பின்னர் அமெரிக்கக் கைதிகளும் வந்தார்கள். 2024-ல் எல்லாக் கைதிகளையும் வேறு சிறைகளுக்கு மாற்றினார்கள். காரணம், கிரானைட்டிலிருந்து கசியும் ரேடான் வாயு. கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத கதிரியக்க வாயு. இந்தப் பகுதியில் வீடு வாங்குகிறவர்களும் அதை அளந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள். நுரையீரல் நோயாளிகளோடு பழகியவள் என்பதால் நானும் எல்லோரிடமும் அதை வற்புறுத்துகிறேன்.

ஊட்டியில் மஞ்சளாகப் பூக்கும் முட்புதர் உங்கள் ஊர்ச் செடிதான் என்கிறார்களே? – வாசகி, குன்னூர்

ஆமாம், கோர்ஸ். வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் ஞாபகத்துக்குக் கொண்டுவந்து வைத்தது. நீலகிரியில் அது களை. புல்வெளியைத் தின்று பரவுகிறது. இங்கே அது சொந்த மண்ணின் செடி. வெயிலில் பூவை முகர்ந்து பாருங்கள், தேங்காய் மணக்கும்! இங்கே வந்த முதல் வசந்தத்தில் அந்த மணம் எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்லி முடியாது. கோர்ஸ் கட்டுமீறும்போது குளிர்காலக் கடைசியில் அளவாக எரிக்கிறார்கள்.

உங்கள் புல்வெளிக்கு நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சோலையும் புல்லுமாக இருந்த மேட்டைத் தரிசு என்று எண்ணிச் சீகையும் யூகலிப்டஸும் நட்டார்கள். டார்ட்மூரில் ஊசியிலை நட்டதும் அதே எண்ணத்தில்தான். தோடர்களின் எருமை மேய்ந்த நிலத்தையும், காமனர்களின் ஆடு மேய்ந்த நிலத்தையும் யாருக்கும் பயன்படாத வெற்றிடம் என்று எழுதியவர்கள் ஒரே பள்ளியில் படித்தவர்கள். சீகையை வெட்டிப் புல்லை மீட்கும் வேலை உங்கள் பக்கம் நடக்கிறது என்றால், அதில் ஒரு நாள் போய்க் கைகொடுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது நானும் வருகிறேன்.

எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்திருக்கிறேன். டார்ட்மூரில் கூடாரம் போட்டுத் தங்கலாமா? – மாணவர், மதுரை

தங்கலாம் தம்பி. இங்கிலாந்தில் நிலச் சொந்தக்காரரைக் கேட்காமல் கூடாரம் போடும் உரிமை பெரும்பாலும் எங்கும் இல்லை. டார்ட்மூர் பொது நிலத்தில் உண்டு. ஒரு நிலச் சொந்தக்காரர் வழக்குப் போட்டு 2023 ஜனவரியில் அந்த உரிமை பறிபோனது. அன்று எங்கள் ஊரில் துக்கவீடு மாதிரிதான் பேசிக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கானோர் மேட்டில் ஊர்வலம் போனார்கள். அதே ஆண்டு மேல்முறையீட்டில் திரும்பக் கிடைத்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் ஒருமனதாக உறுதி செய்தது.

முதுகுப்பையில் சுமந்து போகிற சிறு கூடாரமாக இருக்க வேண்டும். ஒரே இடத்தில் ஓரிரு இரவுக்கு மேல் கூடாது. சாலையிலிருந்து விலகி, எல்லாப் பொது நிலத்திலும் இல்லாமல் பூங்கா நிர்வாகத்தின் வரைபடத்தில் குறித்த இடங்களில் மட்டும். தீ மூட்டவே கூடாது. காய்ந்த மொலினியாவும் பீட்டும் பிடித்தால் நாள்கணக்கில் அணையாது. பங்குனி முதல் ஆடி வரை தரையில் கூடு கட்டும் பறவைகள் இருக்கும், பார்த்து நட.

எக்ஸிடரிலிருந்து ஓக்ஹாம்ப்டனுக்கு ரயில் உண்டு. பல ஆண்டு நின்றுபோயிருந்த தினசரிச் சேவையை 2021 நவம்பரில் மீண்டும் தொடங்கினார்கள். நிலையத்திலிருந்து நடந்தே மூருக்குள் போய்விடலாம். ஆனால் அந்தப் பக்கம்தான் துப்பாக்கிப் பயிற்சி நிலம், சுடும் நாட்களின் பட்டியலை முன்கூட்டியே இணையத்தில் போடுகிறார்கள், பார்த்துவிட்டுக் கிளம்பு. முதல் தடவை தனியாகப் போகாதே. இரண்டு ஜோடிக் காலுறை, மழைக்கோட்டு, திசைகாட்டி, காகித வரைபடம். வெயில் காலமானாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்.